காம்பு கிள்ளிய வெற்றிலை

உக்கிரபாண்டி சோழவந்தானில் பாக்குமட்டைத் தட்டு அழுத்தி விற்கிறவர். வெற்றிலை உருவத்தில் ஒரு தட்டு செய்துவிட வேண்டும் என்பது அவருடைய பிடிவாதம். அதற்காக வேறு வேறு பட்டறைகளில் இரண்டு முறை டை, அதாவது மட்டையை அழுத்தும் உலோக அச்சு, செய்து பார்த்துவிட்டார். தட்டு வந்தது, வெற்றிலை வரவில்லை. நரம்பெல்லாம் மழுங்கிப்போய் மொழுக்கென்று இருந்த தட்டைப் பார்த்து, பந்தியில் ஒருத்தன் "இது அரச இலையாண்ணே?" என்று கேட்டுவிட்டான். வெற்றிலைக் கொடிக்காலில் பிறந்து வளர்ந்த மனுஷனுக்கு இதைவிடப் பெரிய அவமானம் இருக்க முடியாது.

சூடு கண்ட பூனையாகத்தான் அவர் மூன்றாவதாகப் பரவையில் அழகுபாண்டியின் பட்டறைக்கு வந்தார்.

"மாப்ள, நரம்பு தெரியலேன்னா டைய நீயே வச்சுக்க. இப்பவே சொல்லிட்டேன்" என்று கொண்டுவந்த வெற்றிலையை மேஜைமேல் வைத்துவிட்டுப் போனார்.

அந்த வெற்றிலையை எடுத்துத் தண்ணீர் டம்ளரில் போட்டு வைத்தவள் ஐரின். பாலிடெக்னிக்கில் அழகுபாண்டிக்கு இரண்டு வருஷம் பின்னால் படித்தவள். பெரிய கம்பெனி ஒன்றில் கம்ப்யூட்டரில் மெஷினுக்குப் புரோகிராம் எழுதிக்கொண்டிருந்தாள். மகன் ஜினோ பிறந்ததும் வேலையை விட்டாள். ஐந்து வருஷம் கழித்து இங்கே சேர்ந்தபோது அவளுக்குக் கிடைத்தது வாசல் மேஜை. போன் எடுப்பாள், சலான் எழுதுவாள், டீக்கு ஆள் கணக்குச் சொல்லுவாள். ஒவ்வொரு போனுக்கும் "ஓனர் வெளிய போயிருக்காருங்க" என்று சொல்லிச் சொல்லி அவளுக்கு அலுத்துவிட்டது. மெஷின் ஓடும் சத்தம் காதில் விழும்போதெல்லாம் கை பரபரத்தது. அதை அவள் யாரிடமும் மறைத்ததும் இல்லை.

வெள்ளிக்கிழமை அழகுபாண்டி உசிலம்பட்டிப் பக்கம் ஒரு காதுகுத்துக்குக் கிளம்பினான். மறுநாள் காலையில் உக்கிரபாண்டி டைக்கு வந்து நிற்பார். டையின் வழுவழுப்பான பாதி தயார். நரம்புள்ள பாதிதான் பாக்கி.

"அண்ணே, அத நான் பண்றேன்" என்றாள் ஐரின்.

அழகுபாண்டி வண்டிச் சாவியை விரலில் சுற்றிக்கொண்டு யோசித்தான். "அலுமினியக் கட்டி ஒண்ணுதான் இருக்கு பாத்துக்க. நல்லா வந்துச்சுன்னா இனிமே புரோகிராம் போடுற நாற்காலி ஒனக்குத்தான். கெட்டுச்சுன்னா பழைய குருடி கதவத் திறடி. அந்தப் போன் மேஜைதான்."

"கட்டர எந்த வழியில ஓட்ட?"

"என்னத்தக் கேக்குற? எப்பவும் போல நேரா ஓட்டு. உழவு மாதிரி இந்தக் கடைசியிலருந்து அந்தக் கடைசி. மிச்சத்த முருகம்மா அக்கா தேச்சுக்கிரும்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

இங்கேதான் விஷயம் இருக்கிறது. முனை உருண்டையான கட்டர் உலோகத்தின்மேல் ஒரு கோடு போகும், பக்கத்தில் இன்னொரு கோடு வரும். இரண்டு கோட்டுக்கும் நடுவில் மயிரிழை உயரத்துக்கு ஒரு வரப்பு நிற்கும். அந்த வரப்பைத்தான் பாலிஷ் போடும் முருகம்மாள் உப்புத்தாளால் தேய்த்துத் தேய்த்து எடுப்பாள். சாதாரண டை என்றால் சரி. ஆனால் வெற்றிலை நரம்பும் ஏறக்குறைய அதே உயரந்தான். தாளுக்கு எது வரப்பு, எது நரம்பு என்று தெரியுமா? இரண்டையும் சேர்த்து விழுங்கிவிடும். முதல் இரண்டு பட்டறைகளிலும் நடந்தது இதுதான் என்று ஐரினுக்குச் சந்தேகமில்லாமல் பட்டது.

டம்ளரிலிருந்த வெற்றிலையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். காம்படியிலிருந்து ஏழு நரம்புகள் கிளம்பி, விலகி, வளைந்து, மறுபடி நுனியில் போய்ச் சேர்ந்தன. கட்டரும் அந்த வழியிலேயே போனால் என்ன? காம்பில் தொடங்கி நரம்போடு நரம்பாக வளைந்து நுனிக்குப் போகட்டும். நடுவில் நிற்கும் வரப்புகளும் குட்டி நரம்புகளாகத்தான் தெரியும். தேய்க்கவே வேண்டாம்.

எண்ணம் நல்ல எண்ணந்தான். திரையில் கோடுகளை ஓடவிட்டுப் பார்த்தபோது இலை அழகாக வந்தது. காம்படியில் மட்டும் சிக்கல். அத்தனை கோடுகளும் அந்த ஒரே புள்ளிக்கு வந்து, விடிகாலையில் மார்க்கெட் வாசலில் லாரிகள் முட்டிக்கொள்வதுபோல முட்டிக்கொண்டன. நுனியிலும் அதே நெரிசல். ஒரு கழிவுத் துண்டை மாட்டிக் காம்பு மூலையை மட்டும் ஓட்டினாள். கட்டர் அதே இடத்தில் உரசி உரசிப் பளபளவென்று ஒரு குழி தோண்டி வைத்தது. அந்தக் குழியோடு தட்டு அழுத்தினால் மட்டை அங்கேயே கிழியும்.

கோடுகளைக் குறைத்தாள், நடு இலை கரடாயிற்று. வேகத்தைக் கூட்டினாள், குழி நீளமாயிற்று. மணி ஒன்று அடித்தபோது அவளுக்கு அழுகை முட்டியது. நேராகவே ஓட்டிவிடலாமா? ஓட்டினால் யாரும் அவளைக் குறை சொல்லமாட்டார்கள். உக்கிரபாண்டியும் டையை எடுக்கமாட்டார்.

"சாப்பாட்டு நேரத்துல என்ன தாயி மொறச்சுக்கிட்டு இருக்க? அந்தப் பொட்டி பதில் சொல்லவா போகுது?" என்று முருகம்மாள் தூக்குச்சட்டியோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். சாப்பிட்டு முடித்ததும் டம்ளர் வெற்றிலை அவள் கண்ணில் பட்டது. "இத எதுக்கு நனைய விட்டுருக்க? நான் போட்டுக்கிறவா?"

"போட்டுக்கங்கக்கா. இனிமே அது எதுக்கு" என்றாள் ஐரின் சலிப்பாக.

முருகம்மாள் இலையைச் சேலையில் துடைத்தாள். கட்டைவிரல் நகத்தால் காம்பைக் கிள்ளி எறிந்தாள். நுனியைக் கிள்ளி எறிந்தாள். பிறகு இலையின் முதுகில் சுண்ணாம்பைத் தடவி மடக்கி வாயில் வைத்தாள்.

ஐரின் தரையில் கிடந்த அந்த இரண்டு துணுக்குகளையும் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"ஏங்க்கா கிள்ளிப் போட்டீங்க?"

"இதென்ன கேள்வி? காம்பு கிள்ளாம எவளாச்சும் வெத்தல போடுவாளா? ஒங்க வீட்டுல யாரும் போடுறதில்லையாக்கும். டீச்சர் மகள்ல!"

ஐரின் துள்ளி எழுந்தாள். அந்த எண்ணெய்க் கறை படிந்த கையைப் பிடித்து ஒரு முத்தம் கொடுத்தாள். முருகம்மாள் "ஏத்தே!" என்று வாயைப் பொத்திக்கொண்டாள், வெற்றிலைச் சாறு வழிந்துவிடாமல்.

கோடுகளைக் காம்பு வரைக்கும் எதற்காகக் கொண்டுபோக வேண்டும்? காம்புக்குக் கொஞ்சம் முன்னாலேயே கிள்ளினாள். நுனிக்குக் கொஞ்சம் முன்னால் கிள்ளினாள். மிஞ்சிய இரண்டு சின்ன இடங்களுக்கு மட்டும் தனியாக, குட்டிக் கட்டரில், நேர்க்கோட்டில் வழி போட்டாள். அழகுபாண்டி சொன்ன உழவும் ஒரு மூலைக்கு உதவியது. இரண்டு வழிகளும் சேருமிடத்தில் தழும்பு தெரியாதபடி ஒன்றின்மேல் ஒன்று சற்றே ஏறட்டும் என்று விட்டாள். கழிவுத் துண்டில் ஓட்டிப் பார்த்தாள். குழி இல்லை.

இரண்டரைக்கு அந்த ஒரே கட்டியை மாட்டினாள். பட்டனை அழுத்தும்போது மனசுக்குள் மாதாவைக் கூப்பிட்டாள். முருகம்மாள் தன் பங்குக்கு முனியாண்டியைக் கூப்பிட்டாள். மூன்றரை மணி நேரம் இரண்டு பேரும் மெஷின் கண்ணாடியை விட்டு நகரவில்லை. மெஷின் நின்றபோது உள்ளே வெள்ளி வெற்றிலை ஒன்று கிடந்தது.

"இத நான் தேய்க்கணுமா?" என்றாள் முருகம்மாள்.

"தொடக்கூடாது."

"நீ நல்லாருப்ப தாயி. என் தோள்பட்ட தப்பிச்சுச்சு."

மறுநாள் காலையில் அழகுபாண்டி டையைப் பார்த்தான். நகத்தால் காம்படியைத் தடவினான். "நேரா ஓட்டச் சொன்னேனே?" என்றான்.

"ரெண்டு மூலையில மட்டும் நேரா ஓட்டியிருக்கேண்ணே."

அவன் மேற்கொண்டு எதுவும் சொல்வதற்குள் உக்கிரபாண்டி வந்துவிட்டார். முகத்தில் நம்பிக்கை என்று ஒன்றும் இல்லை. பட்டறை மூலையில் இருந்த சோதனைப் பிரஸ்ஸில் டையை மாட்டிச் சூடேற்றி, ஈர மட்டையை வைத்து அழுத்தினார்கள். அழகுபாண்டி தட்டை எடுத்து அவரிடம் நீட்டினான்.

உக்கிரபாண்டி வாங்கினார். திருப்பினார். பிறகு, தான் என்ன செய்கிறோம் என்றே தெரியாமல், தட்டை வேட்டித் தொடையில் ஒரு துடை துடைத்தார். கட்டைவிரல் நகம் தானாகப் போய்க் காம்பைக் கிள்ளப் பார்த்தது.

"அண்ணே, சுண்ணாம்பு தரவா?" என்றாள் முருகம்மாள்.

அப்போதுதான் அவருக்குச் சுரணை வந்தது. வெட்கமும் சிரிப்புமாகத் தட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். "வெத்தலதான் மாப்ள! சத்தியமா வெத்தலதான்! எவன் பண்ணுனது?"

"நம்ம ஐரினு" என்றான் அழகுபாண்டி.

"அப்படிப் போடு தங்கச்சி!" என்றார் அவர். ஐரினுக்குக் கண் நிறைந்துவிட்டது. துடைத்துக்கொள்ளக்கூடத் தோன்றவில்லை.

வாசல் மேஜையில் போன் அடித்தது. பழக்கதோஷத்தில் அவள் ஓடப் பார்த்தாள். அழகுபாண்டி கையை நீட்டி மறித்தான். "நீ ஒக்காரு" என்று கம்ப்யூட்டர் நாற்காலியைக் காட்டிவிட்டு, தானே போய்ப் போனை எடுத்தான்.

"ஆமாங்க, பட்டறைதான். புரோகிராமர் இருக்காங்க, என்ன வேலைன்னு சொல்லுங்க" என்றான்.