கை மட்டும் தெரிந்தால் போதும்

வீடியோவில் வர நான் ஒத்துக்கொண்டேன் என்று கேட்டதும் எங்கள் தலைமையாசிரியர் வேலாயுதம் சாருக்கு மயக்கம் வராத குறை. கூட்டத்தில் பேசச் சொன்னால் எனக்குத் தலைவலி வரும். ஆண்டு விழாவில் மேடை ஏறச் சொன்னால் சத்துணவுக் கூடத்தின் பக்கம் நழுவிவிடுவேன். அப்படிப்பட்டவள், வட்டார வள மையத்துப் பயிற்றுநர் கோதண்டராமன் வந்து, "ஒண்ணாங்கிளாசுக்கு வளரும் அமைப்பு பாடம் மேடம், வரிசையா கூடிட்டே போகுமே, அதுக்கு ஒரு நாலு நிமிஷ வீடியோ" என்று இழுத்தபோது, அவர் முடிப்பதற்குள் சரி என்றுவிட்டேன்.

சரி என்பதற்கு முன் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன். "இது எங்கெல்லாம் போகும் சார்?"

"பழைய வேலூர் மாவட்டம் மொத்தமும் மேடம். இப்போ மூணு மாவட்டம் ஆச்சே, மூணுலயும் டிவி இருக்கிற எல்லா ஸ்கூலுக்கும் போய்டும்."

அப்படியானால் காவேரிப்பாக்கமும் அதில் சேர்த்தி. காவேரிப்பாக்கத்தில்தான் என் மகள் பூங்குழலி ஒன்றாம் வகுப்பு படிக்கிறாள்.

நானும் அவள் அப்பா ஜெயப்பிரகாஷும் பிரிந்தபோது, அவர் அவளைக் கொண்டுபோய்த் தன் அக்கா அமிர்தவள்ளி வீட்டில் விட்டார். வழக்கு நடக்கிறது. மாதம் ஒரு ஞாயிறு நான் போய்ப் பார்க்கலாம் என்று கோர்ட்டில் சொல்லியிருக்கிறார்கள். சொல்வதில் கோர்ட்டுக்கு என்ன கஷ்டம்? அந்த ஞாயிறு வந்தால் அந்த வீட்டில் யாருக்காவது காய்ச்சல் வந்துவிடும், இல்லையென்றால் சோளிங்கர் மலைக்கு வேண்டுதல் வந்துவிடும். ஒருமுறை பொறுக்க மாட்டாமல் பஸ் ஏறிப்போய்ப் பள்ளி வாசலில் நின்றேன். அவள் கண்ணில் படுவதற்குள் யாரோ பார்த்துச் சொல்லிவிட்டார்கள். அன்று சாயங்காலமே நாத்தனார் போன் செய்தாள். இன்னொரு தடவை பள்ளிக்கூடத்துப் பக்கம் என் நிழல் தெரிந்தாலும் பெண்ணை எனக்குத் தெரியாத ஊரில் ஹாஸ்டலில் சேர்த்துவிடுவார்களாம். செய்யக்கூடியவள்தான். அதற்குப் பிறகு நான் போகவில்லை.

பூங்குழலிக்குப் பாடம் எடுக்கும் ஆரோக்கியமேரி மிஸ் எனக்குப் பயிற்சி வகுப்புகளில் பழக்கம். அந்தப் பள்ளியில் அவருக்கு மட்டும் விஷயம் தெரியும். எப்போதாவது போனில், "இன்னைக்கு முட்டைய முழுசா சாப்ட்டா", "பல்லு ஒண்ணு விழுந்துச்சு" என்று சொல்வார். விழுந்தது மேல் பல்லா, கீழ்ப் பல்லா என்று கேட்டு வைத்துக்கொள்வேன். என் மகளைப் பற்றி நான் ஊர்க்காரர்கள் மாதிரி விசாரித்துத் தெரிந்துகொள்கிறேன்.

அவள் என் முகத்தைப் பார்த்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. என்னை மறந்துவிடுவாளோ என்பதுதான் என் பயமெல்லாம். வழக்கில் தோற்றால்கூட இன்னொரு கோர்ட் இருக்கிறது. மறந்துபோனால் நான் எங்கே போய் மனு கொடுப்பது? ஆரோக்கியமேரி மிஸ் வகுப்பில் டிவியைப் போடுவார், அதில் நான் வந்து சிரிப்பேன், என் மகள் பார்ப்பாள். எந்த அத்தையாலும் அதைத் தடுக்க முடியாது. நான் போட்ட கணக்கு இவ்வளவுதான்.

பாடத்துக்குப் பொருள் வேண்டும். அரசாங்கம் கொடுத்த கணிதப் பெட்டியில் கட்டைகள் பாதிக்கு மேல் காணோம். எங்கள் பள்ளி இருப்பது ஆம்பூரில், ஷூ கம்பெனிகளுக்கு நடுவே. கழிவு வாங்கி விற்கும் வாஹித் பாஷா பாயிடம் கேட்டேன். "பசங்க படிப்புக்குத்தான, எடுத்துட்டுப் போங்க டீச்சர்" என்று ஒரு மூட்டையைத் தள்ளினார். ஷூவுக்குள் அடியில் ஒட்டும் இன்சோல் அட்டைகள். எல்லாம் குழந்தைகள் அளவு, ஓரம் சரியாக வெட்டப்படவில்லை என்று ஒதுக்கியவை. வீட்டில் உட்கார்ந்து அளவுவாரியாகப் பிரித்தேன். பிரித்துக்கொண்டே இருந்தவள் ஓர் அட்டையை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன். இப்போது அவளுக்கு இந்த அளவு சரியாக இருக்குமா? அடுத்த அளவை எடுத்தேன். பெற்றவளுக்குத் தெரியவில்லை. மூட்டையை அப்படியே கட்டி வைத்துவிட்டுப் படுத்தேன்.

படம் எடுக்கும் அன்று பூங்குழலிக்குப் பிடித்த பச்சைப் புடவையைக் கட்டிக்கொண்டு போனேன். கோதண்டராமன் கேமரா முக்காலியை நிறுத்தி, போனைத் தரையைப் பார்க்கக் கவிழ்த்து மாட்டினார்.

"என் முகம் எப்படி சார் தெரியும்?"

"முகம் எதுக்கு மேடம்? கை மட்டும் தெரிஞ்சா போதும். பசங்க கவனம் பொருள் மேல இருக்கணும்."

"குரலாவது வருமா?"

"வேலூர்ல ஒரு பொண்ணு இருக்கு. எல்லா வீடியோவுக்கும் அது குரல்தான். டப் பண்ணிடுவோம்."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. முகமும் வேண்டாம், குரலும் வேண்டாம் என்றால் ஒரு ஜோடிக் கையுறையைக் கூப்பிட்டு எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். வேலாயுதம் சார் இருமினார். காலையிலேயே எதற்குப் பேஜார் என்று கோதண்டராமன் இறங்கிவந்தார். ஆரம்பத்தில் ஒரு அறிமுகம், முகம் தெரிய. "வணக்கம் குட்டிகளா, நான் உங்க மிஸ் வந்திருக்கேன்" என்று கேமராவைப் பார்த்துச் சொன்னேன். குட்டிகள் என்று பன்மையில் சொன்னாலும் நான் பார்த்தது ஒருத்தியைத்தான்.

பிறகு பாடம். குழந்தைகளை வட்டமாக உட்காரவைத்து, தரையில் ஓர் அட்டை வைத்தேன். இது முதல் வீடு. தள்ளி, மூலையில் ஒன்று, அதன் தலைமேல் ஒன்று, பக்கவாட்டில் ஒன்று. இது இரண்டாம் வீடு. மூன்றாம் வீட்டில் இரண்டு பக்கமும் ஒவ்வொன்று நீண்டு, ஐந்து ஆனது. "அடுத்த வீடு எப்படி இருக்கும்? யார் வந்து வைக்கிறீங்க?"

ஷிஃபா எழுந்து வந்தாள். எனக்கு நம்பிக்கையான பெண். ஏழு அட்டை எடுப்பாள் என்று பார்த்தால், மூட்டையைக் கிளறி ஒன்றை எடுத்து முதல் வீட்டில் இருந்ததோடு ஒட்டிவைத்தாள். இன்னொன்றைத் தேடி இரண்டாம் வீட்டில் வைத்தாள். மூன்றாவதிலும் ஒன்று.

"இன்னாடி பண்ற?"

"ஒத்தையா இருக்கு மிஸ். ஒத்தக் காலுக்கு யாரு ஷூ வாங்குவாங்க?"

அவள் அம்மாவுக்குக் கம்பெனியில் வலதையும் இடதையும் ஜோடி சேர்க்கும் மேசையில் வேலை. "ஜோடி இல்லாம டப்பால போட்டா மொத்த டப்பாவும் திரும்பி வந்துடும்னு எங்க அம்மி சொல்லும் மிஸ்." அதற்குள் மற்றவர்களும் மூட்டைக்குள் பாய்ந்துவிட்டார்கள். "இது லெஃப்ட்டு, ரைட்டு எங்க?" என்று ஜோசுவா ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தான். அந்த அட்டைகளில் இடது வலது இருக்கிறது என்பதே எனக்கு அப்போதுதான் உறைத்தது. பிரித்துப் பிரித்து அடுக்கியவள் நான்தான். எனக்கு அவை வெறும் துண்டுகள், அவர்களுக்குக் கால்கள். என் ஒன்று, மூன்று, ஐந்து எல்லாம் இரண்டு, நான்கு, ஆறு ஆகி நின்றன.

"மேடம், நிறுத்திடவா?" என்றார் கோதண்டராமன்.

"ஓடட்டும் சார்."

குழந்தைகள் வைத்ததைக் கலைக்காமல், அதற்குக் கீழேயே என்னுடைய ஒன்று, மூன்று, ஐந்தை மறுபடி அடுக்கினேன். "ஷிஃபா, உன் ரெண்டாம் வீட்டுக்குப் புதுசா எத்தன வந்துச்சு?" விரலால் பிரித்துக் காட்டினாள். இரண்டு. மூன்றாம் வீட்டுக்கு? இரண்டு. "இப்ப என்னுது பாரு." அவள் குனிந்து பார்த்தாள். ஆமிர் என் முதுகுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தான்.

"இதுவும் ரெண்டு ரெண்டாதான் ஏறுது" என்றாள் ஷிஃபா.

"ரெண்டும் ஒரே மாரி வளருது மிஸ். ஆரம்பம்தான் வேற" என்றான் ஆமிர்.

எத்தனையோ வருடமாக இந்தப் பாடத்தை எடுக்கிறேன். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை வாயிலிருந்து இது வந்து நான் கேட்டதில்லை.

"அப்ப நான் வெச்சது தப்பா மிஸ்?" ஷிஃபாவின் முகம் இன்னும் தெளியவில்லை.

"தப்பில்லடா. நீ வேற இடத்துல ஆரம்பிச்சிருக்க. ஒழுங்கா வளத்திருக்க."

மதியம் தலைமையாசிரியர் அறையில் கோதண்டராமன் போனில் வெட்டி ஒட்டிக்கொண்டிருந்தார். நான்கு நிமிடத்துக்கு மேல் போனால் மேலே வாங்க மாட்டார்களாம். "ஜாஸ்தியா இருக்கு மேடம். பசங்க தப்பு பண்ற இடத்தத் தூக்கிடலாம். இல்லன்னா உங்க அறிமுகத்தத் தூக்கணும். ரெண்டுல ஒண்ணுதான் நிக்கும்."

"பசங்க இடத்தத் தூக்கிடுங்க" என்றேன். யோசிக்கவே இல்லை.

அவர் அப்படியே வெட்டி, ஓட்டிக் காட்டினார். நான் சிரிக்கிறேன். ஒன்று, மூன்று, ஐந்து வைக்கிறேன். அடுத்தது எத்தனை என்கிறேன். பாடம் முடிந்து கடைசியில் எடுத்த துண்டை அதோடு ஒட்டியிருந்தார். எல்லாரும் ஒரே குரலில் ஏழு என்கிறார்கள். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. அத்தனையும் பச்சைப் பொய்.

காவேரிப்பாக்கத்து வகுப்பை நினைத்துப் பார்த்தேன். டிவியை நிறுத்திவிட்டு ஆரோக்கியமேரி மிஸ் எதையாவது கொடுத்து அடுக்கச் சொல்வார். பூங்குழலிக்குச் சொன்னதைச் சொன்னபடி செய்து பழக்கமில்லை, அதில் அவள் என்னைப் போல. தன் இஷ்டத்துக்கு ஒன்றை வைத்துவிட்டு, யாராவது திட்டுவார்களோ என்று சுற்றுமுற்றும் பார்ப்பாள். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். அப்போது பக்கத்தில் உட்கார்ந்து தப்பில்லை என்று சொல்ல நான் இருக்க மாட்டேன். இந்த வீடியோ இருக்கும். அதிலும் அந்த இடத்தை நானே வெட்டியெறிந்துவிட்டு என் மூஞ்சியைக் காட்டினால் அவளுக்கு என்ன பிரயோசனம்?

ஆனாலும் அவள் என்னைப் பார்க்க வேண்டும். ஒரே ஒரு தடவை பார்த்தால் போதும். போனில் நான் சிரித்துக்கொண்டிருந்த இடத்தில் படம் நின்றிருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"சார், என் முகத்த எடுத்துடுங்க. பசங்க இருக்கட்டும்."

"காலைல அந்த முகத்துக்குத்தான மேடம் என்கூட சண்ட போட்டீங்க?"

"ஆமா சார். எடுத்துடுங்க."

அவர் இன்னொரு தடவை கேட்டிருந்தால் மனம் மாறியிருப்பேன். கேட்கவில்லை. வெளியே குழாயடிக்குப் போய் முகம் கழுவினேன். கழுவிக்கொண்டே இருந்தேன். தண்ணீரை வீணாக்கக் கூடாது என்று வகுப்பில் சொல்வீர்களே மிஸ் என்று ஜோசுவா வந்து நின்றான்.

வீடியோ பள்ளிகளுக்குப் போன வாரம், ஒரு சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டிருந்தபோது ஆரோக்கியமேரி மிஸ் கூப்பிட்டார்.

"இன்னைக்குப் போட்டேன் மேகலா. இன்னா இது, கடைசி வரைக்கும் கைதான் வருது? பேசறது கூட வேற யாரோ."

"அது பெரிய கதை மிஸ். பூங்குழலி பார்த்தாளா?"

"முன்னாடி வந்து உக்காந்து பார்த்தா. அப்புறம் எல்லாருக்கும் புளியங்கொட்டை குடுத்து அடுக்கச் சொன்னேன். உங்க பொண்ணு ஒண்ணு ஜாஸ்தி வெச்சா. பக்கத்துப் பையன் தப்புன்னு கலைக்க வந்தான். அவன் கையத் தட்டி விட்டுட்டு, 'தப்பில்ல, நான் வேற இடத்துல ஆரம்பிச்சிருக்கேன்'னு சண்டைக்குப் போய்ட்டா."

பஸ் ஸ்டாண்ட் என்றும் பார்க்காமல் சத்தமாகச் சிரித்துவிட்டேன். என் கோபம் அப்படியே அவளுக்குப் போயிருக்கிறது. இது போதும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். போதவில்லை.

"இன்னொண்ணு மேகலா." அவர் குரல் இறங்கியது. "பசங்கல்லாம் சாப்பிடப் போனதும் தனியா என்கிட்ட வந்தா. பச்சப் புடவ கட்டின அந்த மிஸ் பேரு மேகலாவான்னு கேட்டா."

குடியாத்தம் பஸ் என்னை உரசிக்கொண்டு வந்து நின்றது. போனைக் காதோடு அழுத்திக்கொண்டு சுவர்ப் பக்கம் போனேன். "நீங்க இன்னா சொன்னீங்க?"

"எனக்குத் தெரியலையே, கேட்டுச் சொல்றேன்னு சமாளிச்சேன். உங்க நாத்தனார நெனச்சாலே எனக்கு உதறுது. ஆனா அவ விடல. என் புடவையப் புடிச்சுகிட்டு, மெதுவா, 'அத்தைகிட்ட சொல்ல மாட்டேன் மிஸ், எனக்கு மட்டும் சொல்லுங்க'ன்னா."

பல் விழுந்தது எனக்குத் தெரியும். முட்டையை முழுசாகச் சாப்பிட்டது தெரியும். யாரிடம் எதைச் சொல்லக் கூடாது என்று இந்த வயதில் என் மகள் கற்றுக்கொண்டிருப்பது எனக்குத் தெரியாது. அதை அவளுக்கு எந்த மிஸ்ஸும் சொல்லித் தரவில்லை. எனக்கு அழுகை வந்தது, நின்ற இடத்திலேயே அழுதேன்.

"மேகலா, இருக்கீங்களா? நாளைக்கு வந்ததும் கேப்பா. நான் இன்னா சொல்லட்டும்?"

"ஆமான்னு சொல்லுங்க மிஸ்" என்றேன். "அவளுக்கு மட்டும் கேக்கிற மாதிரி சொல்லுங்க."