சூடு ஆறாத மூட்டம்

பால்சாமி பேப்பரை விரித்ததும் மற்ற இரண்டு பேரும் முதுகை மூட்டத்தின் சரிவில் இன்னும் கொஞ்சம் வாகாகச் சாய்த்துக்கொண்டார்கள். தை பிறந்து பத்து நாளாகியும் பரளச்சிக் காட்டில் பனி விட்டபாடில்லை. வெயில் ஏறும்வரை குளிர் தெரியாமல் உட்கார்ந்து பேச ஊரில் ஓர் இடம் உண்டென்றால் அது சின்னச்சாமி விறகை அடுக்கி மண் பூசிக் கரி சுட்டிருந்த மூட்டம்தான். ஆளுக்கொரு சாக்கை விரித்து, தலைக்குத் துண்டைக் கட்டி, வெற்றிலைப் பையை மடியில் வைத்துக்கொண்டு அவர்கள் உட்கார்ந்திருந்த தோரணையைப் பார்த்தால், டெல்லியில் மந்திரிசபை கூட இடம் போதாமல் இங்கே வந்துவிட்டார்கள் என்றுதான் யாரும் நினைப்பார்கள். சற்றுத் தள்ளி மாட்டுக்குக் கூளம் உதறிக்கொண்டிருந்த தங்கத்தாய்க்கு அப்படித்தான் தோன்றியது. வாய் ஒரு பக்கமாகக் கோணியது. சின்னச்சாமிக்கு வாக்கப்பட்ட பதினாலு வருஷத்தில் அந்தக் கோணல் அவள் முகத்திலேயே தங்கிவிட்டது.

"எண்ணெய் எடுக்கிற நாட்டுல சண்டை ஆரம்பிச்சு எட்டு நாளாச்சு. இனி பெட்ரோலு வெல எங்க போயி நிக்கும்னு ஆண்டவனுக்கே தெரியாது" என்றார் பால்சாமி. கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். பணியில் இருந்தபோது ஒரு மனுவைப் படித்து முடிக்க மூன்று நாள் எடுத்துக்கொண்டவர், இப்போது உலகத்தையே ஒரு காலைப்பொழுதில் படித்து முடித்துவிடுவார். "வெலவாசி ஏறுறதுக்குக் காரணம் என்னாங்கிற? கெவருமெண்டு நோட்ட அடிச்சுத் தள்ளுது. நோட்டு பெருத்துப்போச்சுன்னா அதுக்கு மதிப்பு கொறையும்ல?"

"நோட்டு எங்கண்ணே பெருத்துப்போச்சு? எங்கிட்ட ஒண்ணயும் காங்கலையே" என்றான் சங்கையா. கிணற்றில் டீசல் பம்புசெட்டு வைத்திருப்பவன். கிணற்றில் தண்ணீர் வற்றி இரண்டு வருஷமாயிற்று, டீசல் விலையைப் பற்றிய அவன் கவலை மட்டும் வற்றவில்லை. "எல்லாம் டீசல்தான். டீசல் ஏறுனா லாரி வாடக ஏறும். லாரி வாடக ஏறுனா உப்பு புளி எல்லாம் ஏறும்."

சின்னச்சாமி இரண்டு பேரையும் பேசவிட்டான். கடைசியில் தீர்ப்புச் சொல்வது அவன் வழக்கம். வெற்றிலைச் சாற்றைத் துப்பிவிட்டு, துண்டை அவிழ்த்து உதறிக் கட்டினான்.

"ரெண்டு பேரும் மேலோட்டமாப் பேசுறீக. இதுக்கெல்லாம் மூல காரணம் பதுக்கல். சரக்கை உள்ள வச்சுப் பூட்டிக்கிட்டு, வெல ஏறட்டும் ஏறட்டும்னு காத்துக்கெடக்கான் பாரு, அவன்தான் நாட்டக் கெடுக்கிறான். அவனப் பிடிச்சு உள்ள போடணும்."

இதைச் சொன்னபோது அவன் முதுகுக்குப் பின்னால் அறுபது மூட்டைக் கரி, விலை ஏறட்டும் என்று மண்ணுக்குள் காத்துக்கிடந்தது. தங்கத்தாய் கூளத்தைப் போட்டுவிட்டு மூன்று முகங்களையும் மாறி மாறிப் பார்த்தாள். ஒருத்தனுக்காவது உதட்டில் ஒரு சிரிப்பு வரவேண்டுமே. வரவில்லை. பால்சாமி, "அதும் ஒரு காரணந்தான்" என்று தலையை ஆட்டினார்.

அந்த வருஷம் ஐப்பசி, கார்த்திகை இரண்டு மாதமும் மழை ஏமாற்றிவிட்டது. கொத்தமல்லி முளைத்துக் கருகியது. பருத்தி முழங்கால் உயரத்தில் நின்றுவிட்டது. யாரும் விதைக்காமலும் கேட்காமலும் கண்மாய்க் கரையில் வளர்ந்து நின்றது சீமைக்கருவை ஒன்றுதான். புருஷனும் பெண்டாட்டியுமாக மார்கழி பிறந்ததும் அதை வெட்ட ஆரம்பித்தார்கள். தூரை வேரோடு தோண்டினார்கள். தங்கத்தாயின் இரண்டு கையிலும் முள் கீறாத இடம் கிடையாது. அடுக்கி, கூளம் போர்த்தி, மண் பூசி, தீ வைத்தார்கள். ராத்திரியும் பகலுமாக மாறி மாறிக் காவல் இருந்து, வெள்ளைப் புகை நீலமாகிற பக்குவம் பார்த்து, போகிப் பண்டிகை அன்று கடைசித் துளையையும் அடைத்தார்கள். அதுவரைக்கும் சின்னச்சாமி நல்ல வேலைக்காரன். அதை அவள் மறுக்கமாட்டாள். கையில் வேலை இல்லாதபோதுதான் அவனுக்கு மூளை வேலை செய்ய ஆரம்பிக்கும், அங்கேதான் வினை.

அவளுக்கு அந்தக் கரி கரியாகத் தெரியவில்லை. அருப்புக்கோட்டையில் நூல் மில்லில் வேலை பார்க்கும் தம்பி பாண்டீஸ்வரன் அஞ்சு வருஷத்துக்கு முன்னால் அவள் பெயரில் கேஸ் இணைப்புக்குப் பதிந்துவைத்தான். பதிந்ததையே மறந்திருந்த சமயத்தில், மார்கழி கடைசியில் கடிதம் வந்தது. பிப்ரவரி நாலாம் தேதிக்குள் பணம் கட்டி அடுப்பையும் வாங்கிக்கொள்ள வேண்டும், தவறினால் முறை போய்விடும். மறுபடி பதிந்தால் எத்தனை வருஷமோ. தம்பி வீட்டில் அந்த அடுப்பை அவள் பார்த்திருக்கிறாள். ஒரு திருகு, ஒரு தீக்குச்சி, அவ்வளவுதான், நீலமாக வட்டம் கட்டி நிற்கும். ஊத வேண்டாம், கண் எரிய வேண்டாம். பால் காய்ச்சிய சட்டியைக் கவிழ்த்துப் பார்த்தால் அடியில் ஒரு பொட்டுக் கரி இல்லை. அந்தச் சட்டியின் அடியை அவள் யாருக்கும் தெரியாமல் இரண்டு முறை விரலால் தடவிப் பார்த்தாள். கரி விற்ற காசில் கரி இல்லாத அடுப்பு. பரளச்சியில் அப்படி ஓர் அடுப்பு வேறு எந்த வீட்டிலும் கிடையாது. தம்பியிடமே பணத்தைக் கேட்டிருக்கலாம். "மச்சினன்ட்ட கையேந்துனேன்னா நான் வேட்டி கட்டுறதுல அர்த்தமில்ல" என்று சின்னச்சாமி முதல் நாளே வாயை அடைத்துவிட்டான்.

பொங்கல் முடிந்த சனிக்கிழமை கரி ஏவாரி தனுஷ்கோடி வந்தான். மண்ணெண்ணெய் தட்டுப்பாட்டில் மதுரை டீக்கடைக்காரர்கள் எல்லாம் கரியடுப்புக்கு மாறிக்கொண்டிருக்கிறார்கள், மூட்டைக்கு நாற்பத்தெட்டு தருகிறேன், இப்போதே பிரித்து ஏற்றிவிடலாம் என்றான். போன வருஷம் முப்பத்திரண்டுக்குப் போன சரக்கு. தங்கத்தாய் அடுப்படியில் நின்றபடியே மனசுக்குள் அடுப்பை வாங்கி, சிலிண்டரை பஸ்ஸில் ஏற்றி, வீட்டில் எந்த மூலையில் வைப்பது என்பதுவரை போய்விட்டாள்.

"சண்ட முத்தட்டும் ஏவாரி. அறுவதுக்குக் கம்மியா நான் மூட்டத்தைத் தொடப்போறதில்ல" என்றான் சின்னச்சாமி.

"அண்ணே, சண்ட நாளைக்கே நின்னாலும் நிக்கும். கைக்கு வந்தத வாங்கிப்போடுங்க."

"ஒனக்கு ஏவாரம் தெரியும், ஒலகம் தெரியாது. பெட்ரோலு இன்னும் முப்பது வருசந்தான். பெறகு கேஸு ஏது, மண்ணெண்ண ஏது? எல்லாப்பயலும் கருவக் கட்டைக்குத்தான் வந்து நிக்கணும். கேஸு கேஸுன்னு பறக்கிறாளுக, அதுக்கு வருங்காலமே கெடையாது."

கடைசி வார்த்தை ஏவாரிக்குச் சொன்னதில்லை, அடுப்படிக்குச் சொன்னது. தனுஷ்கோடி அடுத்த புதன் விட்டு அதற்கடுத்த புதன் வருவதாகச் சொல்லிப் போனான்.

அதற்கப்புறம்தான் அந்தக் காலைக் கச்சேரி தொடங்கியது. பால்சாமி பேப்பரோடு வந்தார், சங்கையா வெறும் வாயோடு வந்தான். எரிபொருளின் எதிர்காலம் அங்கே தினமும் தீர்மானிக்கப்பட்டது. ஒரு நாள் அணு உலை. ஒரு நாள் கயத்தாறு பக்கம் நட்டிருக்கிறார்களே, அந்தக் காத்தாடி. "காத்து ஓசிதானே, அதுக்கு எவன் வெல ஏத்துவான்?" என்று சங்கையா கேட்க, "ஏத்துவான்லே, அதயும் ஒருத்தன் பதுக்குவான்" என்று சின்னச்சாமி சொல்ல, மூன்று பேரும் சிரித்துக் குலுங்கினார்கள். குலுங்கியபோது மூட்டத்தின் சரிவில் மண் பொலபொலவென்று உதிர்ந்தது. அதை அவள் மட்டும் பார்த்தாள்.

வேறொன்றையும் அவள் மட்டும்தான் யோசித்தாள். அடைத்த மூட்டம் நாலு நாள், மிஞ்சினால் அஞ்சு நாளில் குளிர்ந்துவிடும். காற்றுப் புகாவிட்டால் உள்ளே தீ செத்து, கரி நிற்கும்; புகுந்தால் கரியும் எரிந்து சாம்பலாகும். இது அடைத்துப் பன்னிரண்டு நாளாகியும் முதுகுக்கு இதமாக இருக்கிறதென்றால் உள்ளே இன்னும் எதுவோ எரிந்துகொண்டிருக்கிறது. பனிக்காலத்தில் இதமான இடம் கிடைத்துவிட்டதென்று இந்த மூன்று பேரும் குளிர் காய்வது அவளுடைய அடுப்பில்தான். வெள்ளிக்கிழமை சோறு போடும்போது அவள் சொன்னாள்.

"மூட்டம் இன்னும் சூடு ஆறல."

"தூர்க்கட்டை அப்பிடித்தான் இருக்கும்" என்றான் அவன், குழம்பைப் பிசைந்துகொண்டே. "ரெண்டு மூட்டம் போட்டுட்டா ஒனக்கு எல்லாம் தெரிஞ்சிருமாக்கும்."

இரண்டல்ல, இருபத்தாறு. எண்ணிச் சொல்லியிருக்கலாம். எதற்கு என்று விட்டுவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை அவள் மூட்டத்தைச் சுற்றிவந்தாள். பால்சாமி சாய்கிற இடத்தில் மண் தேய்ந்து கூளம் தெரிந்தது. அவர் முதுகுக்கும் சாக்குக்கும் இடையிலிருந்து நூல்போல ஒரு புகை வந்துகொண்டிருந்தது. பனிமூட்டத்தில் மற்றவர்களுக்குத் தெரியாது, அவளுக்குத் தெரிந்தது. வீட்டுக்குப் போய், கண்மாய்க் கரம்பை மண்ணில் தண்ணீர் விட்டுக் குழைத்து, ஓலைப்பெட்டியில் அள்ளி இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். பெட்டி நல்ல கனம். வரும்போதே மண்ணைக் கையால் அழுத்திப் பதம் பார்த்துக்கொண்டாள்.

"கொஞ்சம் எந்திரிங்க. அந்த எடத்துல மண்ணு பூசணும்."

பால்சாமி எழுந்திருக்கத்தான் போனார். சின்னச்சாமி அவர் தொடையில் கையை வைத்து அமர்த்தினான்.

"அண்ணே எவ்வளவு முக்கியமான விசயம் பேசிக்கிட்டிருக்காக. பட்ஜெட்டுல துண்டு விழுகுதுங்கிறாக. நீ மண்ணத் தூக்கிட்டு வந்து நிக்கிற. போ, செத்த கழிச்சு வா."

சங்கையா சிரித்தான். பால்சாமி பேப்பரில் விட்ட வரியைத் தேட ஆரம்பித்தார்.

அவளால் மூன்று பேரையும் தள்ளிவிட்டுப் பூசியிருக்க முடியும். கத்தியிருக்க முடியும், அந்தப் புகையைக் காட்டியிருக்க முடியும். ஒரே ஒரு வார்த்தை போதும். ஆனால் அவன் கை பால்சாமியின் தொடையில் இருந்த விதத்தையும், துண்டு முண்டாசையும், வெற்றிலை ஒழுகும் கடைவாயையும் பார்த்தபோது அவளுக்குள் ஒன்று கல்லாக உட்கார்ந்துகொண்டது. எரியட்டும் என்று நினைத்தாள். இந்த மனுஷன் ஏவாரி முன்னால் மண்வெட்டியைப் போட்டு இழுத்து, வாயைப் பிளந்துகொண்டு நிற்பதை நான் ஒரு தடவை பார்க்கவேண்டும். அடுப்பு வேண்டும் என்ற ஆசையைவிட அந்த நிமிஷத்தில் இந்த ஆசை பெரிதாக இருந்தது. பெட்டியை மூட்டத்தின் ஓரமாக இறக்கி வைத்தாள். கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். செத்த கழித்து அவள் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. ராத்திரி காற்றில் கரி வாசனையோடு சாம்பல் வாசனையும் கலந்து வந்தபோது, புரண்டு படுத்துச் சேலைத்தலைப்பால் மூக்கை மூடிக்கொண்டாள்.

புதன்கிழமை தனுஷ்கோடி லாரியோடு வந்தான். அறுபது இல்லை, ஐம்பத்தைந்து தருகிறேன் என்றான். சின்னச்சாமி ஊரைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டு, பெரிய மனசு பண்ணிச் சரி என்றான். மூட்டம் வெளியே பார்க்க மூட்டமாகத்தான் நின்றது, நடுவில் மட்டும் லேசாக உள்வாங்கியிருந்தது. அவன் மண்வெட்டியை ஓங்கிப் போட்டான். அது எதிலும் படாமல் காம்புவரை உள்ளே போயிற்று. இழுத்தபோது மேலே இருந்த மண் ஓடு அப்படியே உள்ளே விழுந்தது. சாம்பல் எழும்பி லாரியின் கண்ணாடிவரை போய்ப் படிந்தது.

தனுஷ்கோடி ஒரு குச்சியால் கிளறியபடி சுற்றி வந்தான். "அடியில ஒரு ஆறு, ஏழு மூட்ட தேறும்ணே" என்றான், பரிதாபப்பட்டு ஒன்றைக் கூட்டியே சொன்னான். அவள் எதிர்பார்த்த மாதிரியே சின்னச்சாமியின் வாய் பிளந்திருந்தது. சாம்பல் அவன் மீசையில் வெள்ளையாக இருந்தது. இத்தனை நாள் காத்திருந்த காட்சி. பார்த்துவிட்டாள். நெஞ்சுக்குள் குளிரும் என்று நினைத்திருந்தாள், வயிறு எரிந்தது. பிப்ரவரி நாலுக்கு இன்னும் அஞ்சு நாள் இருந்தது.

தனுஷ்கோடியின் கால் ஓலைப்பெட்டியில் இடித்தது. "இதென்ன, கொழச்ச மண்ணு இங்கன கெடக்கு?"

சின்னச்சாமி பெட்டியைப் பார்த்தான். அப்புறம் அவளைப் பார்த்தான்.

"இத எப்பக் கொண்டாந்து வச்ச?"

"ஞாயித்துக்கெழம."

"ஏன் பூசல?"

"நீங்க பேசிக்கிட்டிருந்தீக."

அவன் மண்வெட்டியைக் கீழே போடவும் தோன்றாமல் பிடித்துக்கொண்டே நின்றான். சங்கையா பனிக்கு விறைத்த கையைத் தன்னையறியாமல் சாம்பல் பக்கம் நீட்டி, யாராவது பார்க்கிறார்களா என்று பார்த்துவிட்டு மடக்கிக்கொண்டான். தங்கத்தாய் பெட்டியைக் கவிழ்த்துத் தட்டினாள். மூன்று நாள் வெயிலில் இறுகிய மண் ஒரே கட்டியாகச் சாம்பலின் ஓரத்தில் விழுந்தது. சுற்றிலும் ஓலைப்பின்னல் வரிவரியாகப் பதிந்திருந்தது. அவள் குனிந்து அதைப் புரட்டினாள். மேல்பக்கத்தில், பதம் பார்த்து அழுத்திய அவளுடைய ஐந்து விரல்களும் இருந்தன.