மகுடஞ்சாவடிக்கு மேல் மூன்று சுற்று

"கண்ணு போனா என்ன சாமி, காது இருக்குதல்ல! நம்ம தோட்டத்து மேல ஒருக்காச் சத்தம் போட்டுட்டுப் போ" என்றார் அப்புசாமி. புரை விழுந்த கண், நாளுக்கு நாள் மோசமாகும் நெஞ்சுவலி. மகன் ஓட்டும் விமானத்தைக் கேட்டுவிட வேண்டும் என்பது ஒன்றுதான் அவருக்கு மிச்சமிருந்த ஆசை.

மகன் மணியன் கோயம்புத்தூரில் விமானம் ஓட்டப் பழகினான். 1962 ஐப்பசியில் ஒரு திங்கட்கிழமை, முதன்முதலாகத் தனியாகச் சேலம் வரை போய்வர உத்தரவு கிடைத்தது. சொந்த ஊர் மல்லசமுத்திரம் போகிற வழியில்தான், திருச்செங்கோட்டைத் தாண்டி; அன்று வருவதாக அப்பாவுக்குக் கடிதம் போட்டான். பயிற்சி கொடுத்த தோமினிக் படித்துப் படித்துச் சொன்னார்: "மேகம் மூடிட்டா கண்ணை நம்பாதே மணியா. திசைகாட்டி ஊசியையும் கடிகாரத்தையும் மட்டும் பாரு."

காவிரியைத் தாண்டியதும் கீழே ஒரே வெள்ளை. திருச்செங்கோடு வர இன்னும் நாலு நிமிடம், நேரே போ என்றது கடிகாரம். இடப்பக்கம் மேகத்துக்கு மேலே ஒரு மலைமுடி தெரிந்தது. அட, நம்ம திருச்செங்கோட்டு மலை! ஊசிக்கு என்ன தெரியும், அதுவா மல்லசமுத்திரத்தில் பிறந்தது? அப்படித்தான் நினைத்தான், மடையன். இடப்பக்கம் திருப்பி அந்த மலையைத் தாண்டினான். மேக இடைவெளியில் ஓட்டுவீடு, கிணறு, தென்னை எல்லாம் தெரிந்தன. நம்ம தோட்டமேதான்! தாழ இறங்கி மூன்று சுற்றுச் சுற்றினான். யாரோ துண்டை வீசினார்கள். அவனுக்குக் கண் கலங்கிவிட்டது.

அந்த வார ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போகும் பேருந்தில் ஒரு பெண் பக்கத்தில் இருந்தவளிடம் அளந்துகொண்டிருந்தாள். "திங்கக்கெழம எங்க மகுடஞ்சாவடி மேல ஏரோப்ளேன் மூணு சுத்து சுத்துச்சுங்க. கோழியெல்லாம் பதறிப்போச்சு!"

மணியன் அன்று பார்த்தது திருச்செங்கோட்டு மலை அல்ல, சங்ககிரி மலை.

வீட்டில் அப்பா அவன் கையைப் பிடித்துக்கொண்டார். "கேட்டுது சாமி. நல்லாக் கேட்டுது."

அம்மா ஆத்தாயி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தப்புப் பண்ணிட்டேனுங்கப்பா, அடுத்த மாசம் மறுபடி வாரேனுங்க என்று அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லாமலே விட்டான். கார்த்திகை பிறக்குமுன் அவர் போய்விட்டார்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்தபின் அம்மா சொன்னாள். "அந்தத் திங்கக்கெழம உச்சிவேள வரைக்கும் உங்கப்பா தோட்டத்துல இருந்து கட்டிலத் தூக்கவே உடல. அவன் வந்துட்டுத்தான் போயிருப்பான், காத்து எதுத்தாப்புல அடிக்குது, அதான் சத்தம் வரலேன்னாரு சாமி."