அம்மா நின்ற இடம்

முதலில் அம்மாவின் காது போயிற்று, அப்புறம் கன்னம். மகள் மவுஸை அழுத்திப் பிடித்து, பின்னாலிருந்த சுவரின் நிறத்தை அள்ளி அள்ளி அம்மாவின் மேல் பூசிக்கொண்டிருந்தாள். படத்தில் அப்பா மட்டும் மிஞ்ச வேண்டும்.

உள்ளறையில் அப்பாவின் மூச்சு கரகரவென்று இழுத்துக்கொண்டிருந்தது. இன்றைக்குத் தாண்டாது என்று டாக்டர் காலையிலேயே கைவிரித்துவிட்டார்.

"பிரிண்ட் கடைக்காரன் சாயங்காலம் மூடிடுவான் பாப்பா. கண்ணீர் அஞ்சலி போஸ்டரை இப்பவே ரெடி பண்ணிடு. அப்புறம் யாருக்குக் கை ஓடும்?" என்று சித்தப்பாதான் ஆரம்பித்து வைத்தார். வீட்டில் படம் எடிட் செய்யத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். தெரிந்தவள் என்றால், இணையத்தில் நாலு பாடம் பார்த்தவள். இந்தக் குடும்பத்துக்கு அதுவே பெரிய படிப்பு.

உயிரோடு இருக்கிறவருக்குப் போஸ்டர் அடிப்பதா என்று நினைத்துக்கொண்டேதான் லேப்டாப்பைத் திறந்தாள்.

அப்பா சிரித்த படம் இது ஒன்றுதான். அதில் அம்மா ஒட்டி நின்றாள். அம்மாவுக்கும் முகம் தெரிகிற படம் இது ஒன்றுதான். கேமராவைக் கண்டாலே தலை குனிந்துகொள்கிறவள், அன்றைக்கு என்ன தோன்றியதோ, நேராகப் பார்த்துவிட்டாள். கை வைப்பதற்கு முன் படத்துக்கு ஒரு நகல் எடுத்துக்கொள்ளுங்கள் என்று முதல் பாடத்திலேயே சொல்லியிருந்தார்கள். மகள் அந்த இடத்தை ஓட்டிவிட்டுப் பார்த்தவள்.

அம்மா நெஞ்சை நீவிக்கொண்டே வந்து நாற்காலிக்குப் பின்னால் நின்றாள். நாலைந்து நாளாகப் பச்சைத் தண்ணீரைத் தவிர அவளுக்கு எதுவும் இறங்கவில்லை.

"என்னம்மா பண்ணுது?"

"வாயுதான், வேற என்ன." திரையையே பார்த்தாள். "நான் எங்கடி?"

"எடுத்துட்டேன்மா. அப்பா மட்டும் போதும்னு சித்தப்பா..."

"போறவரை வச்சுக்கிட்டு இருக்கிறவளை எடுத்துட்டியாக்கும்." அம்மா லேசாகச் சிரித்தாள். "நல்லாத்தான் பண்ணியிருக்கே. நான் நின்ன தடமே தெரியல."

அம்மா உள்ளே போனாள். சித்தப்பா எட்டிப் பார்த்து அவசரப்படுத்தவும், மகள் படத்தை அப்படியே சேமித்து, கடைக்கு அனுப்பிவிட்டு மூடினாள்.

மனசு கேட்கவில்லை. அம்மாவைத் திரும்பக் கொண்டுவந்துவிடலாம் என்று மறுபடி திறந்தாள். செய்ததைத் திருப்பும் பொத்தான் மங்கிக் கிடந்தது. அழுத்தி அழுத்திப் பார்த்தாள். பழைய படத்தின் மேலேயே சேமித்திருக்கிறாள் என்பது அப்போதுதான் உறைத்தது.

உள்ளே ஒரு டம்ளர் விழுந்து உருண்டது.

"அண்ணி!" என்று சித்தப்பா கத்தினார். "அண்ணி, கண்ணைத் திறங்க!"

மகள் ஓடினாள். அம்மா கட்டில் காலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கட்டிலின் மேலே அப்பாவின் மூச்சு முன்போலவே இழுத்துக்கொண்டிருந்தது. அப்பாவுக்காக வருவதாகச் சொல்லியிருந்த டாக்டர் வந்து, அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்துவிட்டு, மெதுவாக அவள் மடியிலேயே வைத்தார்.

அழுது ஓய்ந்த பிறகு சித்தப்பா கதவோரம் வந்து நின்றார்.

"பாப்பா... கடைக்காரன் இன்னும் மூடலையாம். அண்ணி போட்டோ ஒண்ணு..."

மகள் லேப்டாப்பைத் திறந்தாள். அப்பா சிரித்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பக்கத்தில் சுவர் சுத்தமாக இருந்தது.