முலாம் தொட்டிக்குச் சாம்பிராணி

கடலூர் முதுநகரில் அபுல் ஹசன் பாய், சைக்கிள் ஹேண்டில்பார்களுக்குக் குரோமியம் முலாம் பூசும் பட்டறை வைத்திருந்தார். தொட்டியில் கரண்ட் விட்டதும் மஞ்சளாக ஆசிட் ஆவி கிளம்பும். அதன்மேல் நாளெல்லாம் குனிந்து நின்ற தொழிலாளி உத்திராபதிக்கு மூக்கில் ரத்தம் வர ஆரம்பித்தது. இப்படியே போனால் மூக்கின் நடுச்சுவர் ஓட்டையாகி மூக்கே வீணாகிவிடும் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

பாய் இரக்கமுள்ளவர். உடனே தொட்டிக்கு நேர் மேலே, சமையலறைப் புகைபோக்கி மாதிரி ஒரு தகரக் கூண்டு மாட்டினார். ஆவி ஒழுங்காகத்தான் அதற்குள் போனது. என்ன, போகிற வழியில் உத்திராபதியின் முகத்தில் ஏறி நலம் விசாரித்துவிட்டுப் போனது.

அதன் பிறகுதான், சிதம்பரத்தில் இன்ஜினியரிங் பாடம் நடத்தும் என்னைக் கூப்பிட்டார். மணவாளன் சொன்னால் காற்றே கேட்கும் என்று யாரோ புளுகியிருந்தார்கள். நான் கூண்டைக் கழற்றிப் போட்டேன். தொட்டியின் விளிம்போரமாக நீள இடுக்கு வைத்த தகரக் குழாயைப் பொருத்தி, வெளியே உறிஞ்சும் விசிறி வைத்தேன். முகத்துக்கு ஏறுவதற்கு முன்பே ஆவி பக்கவாட்டில் இழுபட்டுப் போய்விடும்.

சோதிக்கப் புகை வேண்டுமே. பாய் வீட்டிலிருந்து சாம்பிராணிச் சட்டி வந்தது. கரண்டை நிறுத்தி, தொட்டியோரம் சட்டியைக் காட்டினேன். புகை சொன்ன பேச்சு கேட்டு இடுக்குக்குள் ஓடியது. எனக்கே என்மேல் மரியாதை வந்தது.

சாயங்காலம் சோதனையைப் பார்வையிட ஒரு பெரிய அதிகாரி வந்தார்; அவருக்காகச் சட்டியை மறுபடி தொட்டியோரம் வைத்தேன். விருந்தாளியை வேர்க்க விடும் வழக்கம் பாய் வம்சத்திலேயே கிடையாது. அதிகாரியின் நாற்காலிக்குப் பின்னால் ஆளுயரப் பெடஸ்டல் ஃபேன் இரைந்தது. அந்தக் காற்று தொட்டியைத் தாண்டி, எதிரே நின்ற உத்திராபதியின் முகத்திலேயே புகையை அப்பியது.

"நம்ம பக்கம் துளிப் புகை வரலியே! பிரமாதம்!" என்றார் அதிகாரி.

"பாய், அந்த ஃபேனை நிறுத்துங்க. அவர் மூஞ்சிலதான் எல்லாம் அடிக்குது!" என்று கத்தினேன்.

"என்னா சார், வந்தவுங்களுக்குக் காத்து வேணாமா? மூக்குக்காரரையே கேட்டுட்டாப் போச்சு. உத்திராபதி, சாம்பிராணி வாசன வருதா?"

கண்ணில் நீர் வழிய, இருமிக்கொண்டே உத்திராபதி சொன்னார்: "துளிகூட வரலிங்க மொதலாளி."

தெருவில் போகிறவர்களுக்கெல்லாம் வந்த வாசனை அது. எல்லோரும் கை தட்டினார்கள். சோதனை பாஸ். அதிகாரிக்கு சர்பத் வந்தது.

நான் யாரையும் கேட்காமல் ஃபேனை அணைத்தேன். சட்டியை எடுத்துப் போய் உத்திராபதியின் மூக்குக்குக் கீழேயே பிடித்தேன்.

"இப்ப வருதா?"

அவர் கண்ணை மூடி, அந்தப் புகையை நன்றாக இழுத்துப் பார்த்தார்.

"இப்பவும் வரல சார்! மெஷினு பலமாத்தான் இழுக்குது," என்றார், வாயெல்லாம் பல்லாக.