ஜனாதிபதி வீட்டில் சீனித்தண்ணீர்

என் தங்கச்சி மகளின் குணத்தை மாற்றுவதற்காக நாங்கள் ராஜபாளையத்திலிருந்து ராமேஸ்வரத்துக்குக் கார் எடுத்துக்கொண்டு போனோம்.

பிறந்த குழந்தையின் நாக்கில் முதன்முதலாகச் சீனித்தண்ணீர் தொட்டு வைப்பதை எங்கள் பக்கம் சேனை வைப்பது என்பார்கள். வைத்தவர் குணம் பிள்ளைக்கு அப்படியே வருமாம். அதனால் நல்ல பேர் எடுத்த ஆளாகப் பார்த்துத்தான் வைக்கச் சொல்வார்கள். தங்கச்சி சப்ரீனுக்குப் பிரசவமான அன்று ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரியில் நர்ஸ் வந்து கூப்பிட்டாள், உள்ளே போனவன் நான். செல்போன் ரிப்பேர்க் கடை ஜபருல்லா. துக்க வீட்டில்கூடச் சிரிப்பை அடக்கத் தெரியாதவன் என்று ஊரே சொல்லும். சம்பந்தி வீட்டார் வந்து சேருவதற்குள் சேனை வைத்து முடித்துவிட்டேன்.

பிள்ளை நாஜியா வளர வளர என் கைராசி தெரிய ஆரம்பித்தது. போன மாதம் ஒரு துக்க வீட்டில் தங்கச்சியின் மாமனார் அல்லா பிச்சை ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தார். மடியில் கிடந்த இவள் அவர் முகத்தைப் பார்த்துக் கெக்கெக்கே என்று சிரித்தாள். அழுதுகொண்டிருந்தவர்களும் சிரித்துவிட்டார்கள். இரும்புக்கடை முதலாளியான அவரால் அதைத் தாங்க முடியுமா?

"சேனையை மாத்தி வைக்கணும்லே. ஜனாதிபதி பொறந்த வீட்ல வச்சே மாத்துவோம். அவிய குணத்துல கால்வாசி வந்தாப் போதும்" என்றார்.

"மாத்தி வச்சா பழசு அழிஞ்சிருமா மாமா? போனை ரீசெட் பண்ற மாதிரியா?"

"உன்னைய வண்டி ஓட்டத்தான் கூப்பிட்டேன்."

தங்கச்சி புருஷன் நவாஸ் மச்சான் இரும்புக்கடையைப் பார்த்துக்கொள்வதாகச் சொல்லித் தப்பித்துக்கொண்டார். நான் சிரித்துக்கொண்டேதான் ஓட்டினேன். இந்த உலகத்தில் என்னைப் போல இருப்பது அந்தப் பொடிசு ஒன்றுதான். அவளிடமிருந்தும் என்னைச் சுரண்டி எடுக்கப் போகிறார்கள் என்றால் வலிக்காதா? பின்சீட்டில் சப்ரீன் வாயே திறக்கவில்லை. அவளுக்கும் இதில் சம்மதம்தான் போல என்று நினைத்து, மாமாவைவிட அவள் மேல்தான் எனக்குக் கோபம் கோபமாக வந்தது.

காட்சியகமாக்கி வைத்திருக்கும் அந்த வீட்டில் நல்ல கூட்டம். சட்டம் போட்ட படங்களைப் பார்த்தபடி எல்லாரும் பயபக்தியோடு நகர்ந்தார்கள். மாமா ஒரு படத்தின் முன் நின்றார். பையிலிருந்து சீனித்தண்ணீர் பாட்டிலை எடுத்து விரலை நனைத்தார். ஜனாதிபதி படத்தின் கண்ணாடியில் ஒரு தொடு தொட்டுவிட்டு, அந்த விரலைப் பிள்ளையின் வாய்க்குக் கொண்டுபோனார்.

"ஐயா, என்ன பண்றீங்க?" காவலாளி ஓடிவந்தார்.

"பேத்திய ஜனாதிபதி ஆக்குதேன்" என்றார் மாமா, கொஞ்சமும் அசராமல்.

நாஜியா சிரித்தாள். வரிசை முழுக்கச் சிரித்தது. காவலாளிகூட அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். மாமா என்னை முறைத்தார்.

"எல்லாம் இந்தப் பய கை வச்ச கோளாறு. அன்னைக்கு வேற ஆளா கெடைக்கல?"

"நான்தான் மாமா வேற ஆள் வேண்டாம்னேன்" என்றாள் சப்ரீன். "அண்ணனக் கூப்பிடுங்கன்னு நர்ஸுகிட்ட நான்தான் சொல்லிவிட்டேன். நீங்க வாரதுக்குள்ள வச்சிரணும்னு அம்புட்டு அவசரம் எனக்கு. எங்க அத்தா மவுத்தானப்போ நான் சோறு தண்ணி இல்லாமக் கெடந்தேன். அண்ணன்தான் எதையோ சொல்லிச் சிரிக்க வச்சு ரெண்டு வாய் ஊட்டுச்சு. எம்புள்ளைக்கு அந்தக் குணம் வேணும்னு ஆசைப்பட்டேன்."

மாமா கையிலிருந்த பாட்டிலை வாங்கி, என் விரலைப் பிடித்து நனைத்துவிட்டாள் சப்ரீன். "மறுபடி வைக்கணும்னா நீயே வையிண்ணே."

எனக்குக் கண் நிறைந்து பிள்ளை முகமே கலங்கித் தெரிந்தது. தடவிப் பார்த்து வாயில் விரலை வைத்தேன். நாஜியா நன்றாகச் சப்பிவிட்டு, புதுப்பல்லால் ஒரு கடி கடித்தாள். வலியில் "அய்யோ!" என்று கத்திவிட்டேன்.

முதலில் சிரித்தவர் அல்லா பிச்சை மாமாதான்.