அலுமாரிக்குள் பூட்டிய அம்மன்

விடிந்ததும் கனகமணி செய்யும் முதல் வேலை தேத்தண்ணி ஊற்றுவது. அடுத்தது அலுமாரியைத் திறப்பது. பழஞ்சேலைகளுக்கு நடுவே ஒரு முழ உயரத்தில் வெண்கல அம்மன் நிற்கும்.

"எழும்பிட்டியோ? ராத்திரி மழை பெய்தது, கேட்டனியோ?"

கணவர் கண்மூடி, மகளும் லண்டன் போனபின், லிங்கநகர் வீட்டில் அவள் வாய் திறந்து கதைக்க வேறு யாரும் இல்லை.

நாட்டுச் சண்டை ஓய்ந்து, கிளிவெட்டியில் இருந்த தன் காணியில் கக்கூசுக் குழி வெட்டியபோது கிடைத்த சிலை அது. யாரிடமும் அவள் மூச்சுவிடவில்லை.

அன்று தூசி தட்டும்போது அம்மன் கைநழுவி விழுந்தது. ஒரு விரல் ஒடிந்துபோயிற்று. பெற்ற பிள்ளைக்கு அடிபட்டதுபோல் பதறிய கனகமணி, சிலையைத் துவாயில் சுற்றிக்கொண்டு துறைமுகத்தடிக்கு ஓடினாள். அங்கே தாஹிரின் பட்டறை. படகுகளின் வெண்கலச் சாமான்களை ஒட்டுவதில் அவன் கெட்டிக்காரன்.

"ஒட்டித் தாங்கோ தம்பி. அப்படியே மினுக்கியும் விடுங்கோ."

தாஹிர் கைகழுவி வந்தான். "தொடலாமா அக்கா?"

தூக்கினான், புரட்டினான், நகத்தால் மெல்லச் சுரண்டினான்.

"ஒட்ட ஏலாது. மினுக்கவே கூடாது, இது பழங்காலத்துச் சிலை. மேல இருக்கிற பச்சைக் களிம்பு புதுசாப் பூசினதெண்டா நகத்தோட வந்திரும். இது மண்ணுக்குள்ள கிடந்து ஊறினது. மூக்கப் பாருங்க, தேஞ்சிருக்கு. ஒராள் தேச்சு இப்படித் தேயாது. தலைமுறை தலைமுறையாக் கழுவிக் குளிப்பாட்டின கைகள்." பீடத்தைத் திருப்பினான். "இந்த ஓட்டைகள் எதுக்குத் தெரியுமா?"

"ஊதுபத்தி குத்தத்தானே? நான் அதிலதான் குத்துறனான்."

தாஹிர் சிரித்துவிட்டான். "தடி கோக்க அக்கா! நாலுபேர் தோள்ல ஊர் சுத்தின சாமி. நீங்க சீலைக்குள்ள பூட்டி வெச்சிருக்கீங்க."

கனகமணி சிரிக்கவில்லை. "எனக்கு வேற ஆர் தம்பி இருக்கினம்?"

தாஹிர் சிலையை நிமிர்த்தி மெல்ல மேசையில் வைத்தான். அவள் அந்தத் தேய்ந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். எந்த ஊரோ, சண்டைக்குப் பயந்து எந்த ஓட்டத்தில் புதைத்தார்களோ, திரும்பி வந்து எங்கெல்லாம் தேடினார்களோ!

ஓட்டைக்குள் இருந்த ஊதுபத்திச் சாம்பலை ஊதித் தள்ளினாள். ஒடிந்த விரலைச் சேலைத் தலைப்பிலிருந்து அவிழ்த்து, சிலையருகே வைத்தாள்.

"ஊர் அலுவல் பாக்கிற விதானையாருக்குப் போன் எடுங்கோ தம்பி. தொல்பொருள்காரருக்கு அவர் அறிவிக்கட்டும்."

"யோசிச்சுத்தான் சொல்றீங்களா அக்கா?"

"ஓம். மண்ணில கிடைச்ச சாமி கண்டெடுத்தவைக்குச் சொந்தமில்லை. வித்தாலும் களவு, ஒளிச்சு வைச்சாலும் களவுதான். தனிச்சுப்போறது என்னெண்டு எனக்குத் தெரியும் தம்பி. அதை நான் ஒரு ஊருக்கே செய்துபோட்டன்."